சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?

எங்கள் பள்ளி மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்களை மதுரைக்கு ஒரு நாள் களப்பயணம் அழைத்துச் சென்றோம். காலை முதல் மாலை வரை ஏழு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் நான் பத்து நிமிடம் பேசினேன், மாணவர்கள் கேட்டார்கள், பேருந்தில் ஏறினோம். மறுநாள் ‘நான் கண்ட மதுரை’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் ஒரே கட்டுரைதான் இருந்தது: “மதுரை மிகவும் அழகான நகரம். அங்கு பழைமையும் புதுமையும் கலந்துள்ளன. நாங்கள் மகிழ்ச்சியுடன் திரும்பினோம்.” ஒரு மாணவன் மட்டும் பேருந்தில் யார் யார் வாந்தி எடுத்தார்கள், எந்த நிறுத்தத்தில் எடுத்தார்கள் என்று விவரமாக எழுதியிருந்தான். தான் கண்ணால் கண்டதை எழுதியவன் அவன் ஒருவன்தான்.

பிழை மாணவர்களுடையது அன்று. பயணத்துக்கு முந்தைய நாள் நான்தான் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ‘பழைய மதுரை’, ‘புதிய மதுரை’ என்று எழுதியிருந்தேன். கோயிலும் மகாலும் ஒரு பக்கம், மேம்பாலமும் பேருந்து நிலையமும் மறுபக்கம். விடையை முன்னதாகவே கொடுத்துவிட்டு, அதைச் சரிபார்க்க அவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

சென்ற கல்வியாண்டில் அதே மதுரைக்கு, அதே எட்டாம் வகுப்பை வேறு முறையில் அழைத்துச் சென்றோம். இடங்களைக் குறைத்தோம், கேள்விகளைக் கையில் கொடுத்தோம். அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

மூன்று கேள்விகள்

ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டையும் பென்சிலும் கொடுத்தோம். எந்த இடத்துக்குப் போனாலும் அட்டையில் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்.

1. இது முதலில் எதற்காகக் கட்டப்பட்டது?
2. இப்போது எதற்குப் பயன்படுகிறது?
3. அன்று யார் உள்ளே வர முடிந்தது? இன்று யார் வர முடிகிறது?

முதல் இரண்டும் எளிமையானவை. இவற்றுக்கு விடை தேடும்போதே ‘பழையது, புதியது’ என்ற இரண்டு பத்திகள் உடைந்துவிடும். இன்று பழையதாக இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் புத்தம் புதியதாக இருந்தது என்பதை மாணவர்கள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது கேள்வியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆசிரியர்களுக்குள் விவாதித்தோம். சேர்த்தது நல்லது என்று பிறகு உணர்ந்தோம்.

புறப்படும் முன்: வரைபடத்தில் ஒரு புதிர்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மதுரையின் வரைபடத்தைச் சார்ட்டில் வரைந்து வகுப்பில் மாட்டினோம். நடுவில் கோயில். அதற்குள்ளே ஆடி வீதி. வெளியே வரிசையாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த இந்த நகரமைப்பை மாணவர்கள் எளிதில் வரைந்துவிட்டார்கள். தமிழ் மாதங்களில் அந்தந்த வீதியில் திருவிழா நடப்பதால் இந்தப் பெயர்கள் என்று சொன்னேன்.

உடனே ஒரு மாணவன் எழுந்தான். “டீச்சர், சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதியிலதானே ஓடுது? நான் மாமா தோள்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன்.”

இதுதான் நல்ல கேள்வி. விடையை அன்று சொல்லவில்லை. “வீட்டில் கேட்டு வாருங்கள்” என்று விட்டுவிட்டேன். மூன்று நாள்களில் நான்கு விதமான விடைகள் வந்தன. பிறகு பேசினோம். மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன என்றும், 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்றும் கூறப்படுகிறது. மாதம் மாறிவிட்டது, தேரின் பாதை மாறவில்லை, வீதியின் பெயரும் மாறவில்லை. ‘தொன்றுதொட்டு’ நடப்பதாக நாம் நினைக்கும் திருவிழாவும் ஒரு காலத்தில் ஒரு மாற்றமாகத் தொடங்கியதுதான் என்பது பயணத்துக்கு முன்பே வகுப்புக்குப் புரிந்துவிட்டது.

வெளி வீதிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே. அந்தக் கோட்டை இப்போது எங்கே? 1840-களில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நகரம் நெருக்கடியால் திணறுவதைக் கண்டு கோட்டைச் சுவரை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தார். இடிக்க முன்வந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே நிலம் கொடுக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரால் இன்றும் வீதிகள் உள்ளன. பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்டதே விளக்குத்தூண். ஜவுளி எடுக்கப் போகும் இடம் என்று மட்டும் மாணவர்கள் அறிந்திருந்த விளக்குத்தூணுக்கு இப்படி ஒரு வரலாறு இருப்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது.

மேலமாசி வீதி: ஒரு வீடு

காலை எட்டரை மணிக்கு நடை தொடங்கியது. முதல் இடம் மேலமாசி வீதியில் உள்ள ஒரு மாடி வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று, இங்குத் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகள் தம் வழக்கமான உடையைக் கைவிட்டு அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்ற ஏழைகளின் நிலை அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. இன்று அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கதர் விற்பனை நிலையம் இயங்குகிறது.

மாணவர்கள் கடைக்குள் போய்ச் சட்டைத் துணியின் விலையை எழுதிக்கொண்டார்கள். பக்கத்துக் கடையில் சாதாரணச் சட்டையின் விலையையும் கேட்டு எழுதினார்கள். “இப்பவும் கதர் வாங்க வசதி வேணும் போல” என்றாள் ஒரு மாணவி. நூறாண்டுக்கு முந்தைய சிக்கலை அவள் இன்றைய விலைச்சீட்டில் படித்துவிட்டாள்.

கோயில்: பொற்றாமரைக் குளக்கரையில்

பிற்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் கோயிலுக்குக் காலையிலேயே சென்றுவிட வேண்டும். கைப்பேசிக்கு அனுமதி இல்லை. நமக்கு அது நன்மையே. படம் எடுக்க முடியாததால் மாணவர்கள் வரைந்தார்கள்.

தரிசன வரிசையில் நாங்கள் நிற்கவில்லை. களப்பயணம் கற்பதற்கானது. எங்கள் வகுப்பில் பல சமயங்களைச் சேர்ந்த குழந்தைகள் உண்டு. வழிபட விரும்புவோர் பெற்றோருடன் இன்னொரு நாள் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். எல்லோருமாகப் பொற்றாமரைக் குளக்கரையில் அமர்ந்தோம். பிறகு ஆயிரங்கால் மண்டபத்துக்குச் சென்றோம். பெயர் ஆயிரங்கால், தூண்களோ 985. ஒரு வரிசையை எண்ணி, வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, இடையில் விடுபட்ட இடங்களைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். யாருடைய விடையும் சரியாக 985 வரவில்லை. ஆனால் மதிப்பீடு என்றால் என்ன என்பது அங்கே புரிந்தது.

குளக்கரையில் மூன்றாவது கேள்வி வந்தது. அங்குதான் நான் 1939 ஜூலை 8 பற்றிச் சொன்னேன். அதுவரை ஒடுக்கப்பட்ட சாதியினரும் நாடார் சமூகத்தினரும் இக்கோயிலுக்குள் நுழைய முடியாது. அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தவர்களில் ஒருவர், எங்கள் மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்து, பின்னாளில் தமிழக அமைச்சராகத் திகழ்ந்த கக்கன். எதிர்ப்பு இருந்தது, ஆயினும் அதே ஆண்டில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் தாம் நுழைவதில்லை என்றிருந்த காந்தியடிகள், 1946-இல்தான் இக்கோயிலுக்குள் வந்தார். காலையில் பார்த்த மேலமாசி வீதி வீட்டிலிருந்து இந்தக் குளக்கரைக்கு நடந்து வர எங்களுக்குச் சில நிமிடங்கள் ஆயின. அவருக்கு 25 ஆண்டுகள் ஆயின.

மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள். ஒரு மாணவி கேட்டாள்: “எங்க அப்பத்தாவோட அம்மா இங்க வந்து உட்கார்ந்திருக்க முடியுமா டீச்சர்?”

“அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முடிந்திருக்காது. அப்புறம் முடிந்தது” என்றேன். அவள் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

இங்கே சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வரலாற்றைச் சொல்லும்போது எந்தக் குழந்தையையும் பார்த்துச் சொல்லாதீர்கள். ‘உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்ததா’ என்று கேட்காதீர்கள். யார் எந்தச் சமூகம் என்பது வகுப்பில் வெளிப்படும்படி ஒரு சொல்லும் வரக்கூடாது. ‘இது நடந்தது, இப்படி மாறியது, மாற்றியவர்கள் இவர்கள்’ என்று சொன்னால் போதும். மீதியைக் கேட்க விரும்பும் குழந்தை தானே கேட்கும்.

புதுமண்டபம்: யார் பக்கம் நியாயம்?

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் இருக்கிறது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக அதற்குப் பெயர் ‘புது’ மண்டபம்தான். இதைக் கேட்டதும் மாணவர்கள் சிரித்தார்கள். எத்தனை ஆண்டு ஆனால் ‘புதிய’ என்ற சொல் பழையதாகும் என்று தமிழாசிரியர் ஒரு கேள்வியைப் போட்டார்.

வசந்த விழாவுக்காகக் கட்டிய இம்மண்டபம், நம் பெற்றோர் காலத்தில் கடைவீதியாக இருந்தது. சிற்பத் தூண்களுக்கு இடையே தையற்காரர்கள் இயந்திரத்துடன் அமர்ந்திருப்பார்கள். பாத்திரக் கடை, புத்தகக் கடை, வளையல் கடை எல்லாம் இருந்தன. பள்ளிப் புத்தகம் வாங்க நானே அங்குப் போயிருக்கிறேன். அண்மை ஆண்டுகளில் மண்டபத்தைப் பாதுகாப்பதற்காகக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் இருந்த பகுதியில் ஏற்பட்ட தீ விபத்தை மதுரை மக்கள் மறக்க மாட்டார்கள். பாதுகாப்பு ஏன் தேவை என்பதற்கு அது ஒன்றே போதும்.

மறுநாள் வகுப்பில் இதை விவாதமாக்கினோம். ஓர் அணி சிற்பங்களுக்காகப் பேசியது. ஓர் அணி தையற்காரர்களுக்காகப் பேசியது. பிறகு அணிகளை மாற்றிப் பேசச் சொன்னோம். எந்த அணி வென்றது என்று அறிவிக்கவில்லை. இரண்டு நியாயங்கள் மோதும் இடத்தில் ஒரு நகரம் எப்படி முடிவெடுக்கிறது என்பதே குடிமையியலின் பாடம்.

மகால்: ஒரு கயிறு போதும்

விளக்குத்தூண் வழியாகத் திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தோம். 1636-இல் கட்டப்பட்டதாகக் கூறப்படும் இந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ கால் பங்குதான் என்பர். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்தில் பல பகுதிகள் பிரிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு சீரமைக்கச் செய்தார். பிறகு பல ஆண்டுகள் மாவட்ட நீதிமன்றம் இங்கு இயங்கியது. இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அரசன் நீதி சொன்ன கூடத்தில் பின்னர் நீதிபதி தீர்ப்புச் சொன்னார், இன்று பயணி டிக்கெட் வாங்கி நிற்கிறார்.

காவலரிடம் அனுமதி பெற்றுக் கயிற்றால் ஒரு தூணின் சுற்றளவை அளந்தோம். கயிற்றைத் தரையில் நீட்டி அளவுகோலால் அளந்து, 3.14-ஆல் வகுத்து விட்டம் கண்டார்கள். உயரத்துக்கு ஒரு மாணவனைத் தூண் அருகே நிறுத்தி, தொலைவிலிருந்து பென்சிலை நீட்டி, ‘எத்தனை மாணவன் உயரம்’ என்று மதிப்பிட்டார்கள். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, வளைவுகள் ஆகியவற்றைக் கொண்டே இவ்வளவு பெரிய கூரையைத் தாங்க முடிந்தது எப்படி என்று அறிவியல் ஆசிரியர் வளைவின் கீழ் நின்று விளக்கினார். பாடநூலில் அரைப்பக்கம் வரும் செய்தி அங்கே அரை மணி நேரம் ஆனது. யாரும் சலிக்கவில்லை.

ஆற்றைக் கடந்து: நூலகம்

மதிய உணவுக்குப் பின் பேருந்தில் வைகையைக் கடந்தோம். 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் இன்னும் நகரத்தின் பாரத்தைச் சுமக்கிறது. பாலத்தைப் பழைய பத்தியில் போடுவதா, புதிய பத்தியில் போடுவதா என்று கேட்டேன். “வேலை செய்யுதே, அப்புறம் எப்படிப் பழசு?” என்றான் ஒருவன்.

அன்றைய கடைசி இடம் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. சுமார் 2.13 லட்சம் சதுர அடி. சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவும், பார்வைத்திறன் குறைந்தோருக்குப் பிரெய்ல் நூல்களுடன் தனிப் பிரிவும் உண்டு.

பேருந்தை விட்டு இறங்கியவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். கோயிலிலும் மகாலிலும் முண்டியடித்து முன்னால் ஓடியவர்கள் இங்கே எனக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். கண்ணாடிச் சுவரையும் பளபளக்கும் தரையையும் பார்த்துவிட்டு ஒருவன் மெதுவாகக் கேட்டான்: “டீச்சர், நம்மள உள்ள விடுவாங்களா?”

மூன்றாவது கேள்வியை நான் அட்டையில் அச்சடித்திருந்தேன். அவன் அதை வாசலில் நின்று கேட்டான். “இது உங்கள் வரிப்பணம், உங்கள் நூலகம்” என்று சொல்லி அவனையே முதலில் உள்ளே போகச் சொன்னேன். கால் மணி நேரத்தில் சிறுவர் பிரிவிலிருந்து யாரையும் கிளப்ப முடியவில்லை. திரும்பும்போது அதே மாணவன் அட்டையில் எழுதியிருந்தான்: “இன்று யார் வரலாம்? எல்லோரும் வரலாம். ஆனால் சாயங்காலம் படித்துவிட்டுத் திரும்பினால் எங்கள் ஊருக்குப் பஸ் இருக்குமா?” நகரத்தின் புதுமை கிராமத்துக் குழந்தையை எட்டுகிறதா என்பதை இதைவிடச் சரியாக யாரும் கேட்க முடியாது.

திரும்பிய பின்

இம்முறை கட்டுரைத் தலைப்பை நான் கொடுக்கவில்லை. அட்டையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் பேசி, இரண்டு பக்கம் எழுதுமாறு சொன்னேன். விரும்பியதை எழுதலாம், வகுப்பில் வாசிக்க வேண்டியதில்லை.

குளக்கரையில் கேள்வி கேட்ட மாணவி தன் அப்பத்தாவிடம் பேசியிருந்தாள். அப்பத்தாவின் அம்மா முதன்முதலாக மீனாட்சி கோயிலுக்கு வந்தது, எல்லோரும் போகலாம் என்று ஆகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகாம். கொடிமரம் வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டாராம். ‘போகலாம் வா’ என்று கூட வந்தவர்கள் அழைத்தும் கால் நகரவில்லையாம். அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். இதை எழுதிவிட்டுக் கடைசி வரியில் அவள் எழுதியிருந்தாள்: “நாங்களும் நூலகத்து வாசலில் அப்படித்தான் நின்றோம்.”

இரண்டையும் இணைத்துச் சொல்ல எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவளுக்குத் தோன்றியது. கதவைத் திறந்து வைப்பது ஒரு வேலை. உள்ளே வரலாம் என்ற துணிவைக் கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை பெரும்பாலும் நம்முடையது.

நீங்கள் செய்ய விரும்பினால்

மதுரைதான் வேண்டும் என்பதில்லை. பழைய சந்தை, இரயில் நிலையம், தாலுகா அலுவலகம், குளம், புதிய பேருந்து நிலையம் உள்ள எந்த ஊரிலும் இதே மூன்று கேள்விகள் பயன்படும். எங்கள் அனுபவத்தில் உதவியவை சில:

• ஒரு நாளைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் வேண்டாம். கீழடி அருங்காட்சியகத்தையும் அன்றே சேர்க்க ஆசைப்பட்டோம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

• தலைமை ஆசிரியர் வழியாக முறையான அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஆகியவற்றை முன்கூட்டியே பெறுங்கள். நூலகம், நினைவுச்சின்னங்களின் விடுமுறை நாளையும் நேரத்தையும் விசாரித்துவிடுங்கள்.

• ஓர் ஆசிரியர் முந்தைய வாரமே அதே வழியில் நடந்து பாருங்கள். கழிப்பறை, குடிநீர், நிழல், சாலை கடக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவிகளுக்குக் கழிப்பறை உள்ள இடங்களைக் கொண்டே எங்கள் நடைவழியைத் தீர்மானித்தோம்.

• நடக்க இயலாத மாணவர் இருந்தால் அவருக்கேற்பப் பயணத்தைத் திட்டமிடுங்கள். அவரை விட்டுவிட்டுச் செல்லும் பயணத்தில் மூன்றாவது கேள்விக்குப் பொருளில்லை.

• ஆறு பேருக்கு ஒரு குழு; குழுவுக்கு ஒரு கயிறு, ஓர் அளவுகோல், ஒரு முதலுதவிப் பை.

• ஓர் இடத்தில் ஆசிரியர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். இது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. இரண்டு இடங்களில் மீறினேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நூலக வாசலில் தயங்கிய அந்த மாணவன் தன் அண்ணனுடன் மறுபடியும் அங்குப் போய் வந்திருக்கிறான். திங்களன்று வந்து சொன்னான். “உள்ள விட்டாங்களா?” என்று கேட்டேன். “நானா போயிட்டேன் டீச்சர்” என்றான். பிறகு, திரும்புவதற்கான கடைசிப் பேருந்தின் நேரத்தை வகுப்புச் சுவரில் இருந்த மதுரை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்தான்.